அப்பாவின் காதுக்குள் யார்

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள்:

அப்பா. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சோபாவின் இடது மூலை அவருடையது.

அண்ணன். காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது தலைவர் நாற்காலி ஆகிவிடும்.

அக்கா. பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. அப்பா வீட்டுக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருக்கிறாள். மாடி ஏறி வருவதை ஒரு தியாகமாகக் கணக்கு வைத்திருப்பவள்.

அத்தான். அக்காவின் கணவர். ஏசி விற்பவர். டிவிக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்ததால் இடுப்புக்குக் கீழேதான் எங்களுக்குத் தெரிந்தார்.

நான். கடைசி மகன். படிப்பைப் பாதியில் விட்டவன். இரவெல்லாம் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றிவிட்டு, பகலில் அப்பா வீட்டுப் பின்னறையில் தூங்குகிறவன். அன்று தூங்க விடவில்லை.

அப்பாவுக்குத் தினமும் சாப்பாடு கட்டி அனுப்பும் அண்ணி வரவில்லை. ஆனால் ஃபோனில் எங்கள் குடும்பக் குழுவில் இருந்தாள். நேரில் வந்திருந்தால் இத்தனை தொல்லை இருந்திருக்காது.

விஷயம் இதுதான். டிவி சத்தம் கம்பி இல்லாமல் அப்பாவின் காது மெஷினுக்குள் வந்து சேர வேண்டும். அன்று மாலைக்குள் அது சரியாகி, அதன்பின் அப்பா இல்லாத குரல்களைக் கேட்காமல் இருந்தால் கோளாறு மெஷினில்; அவர் தன் வீட்டிலேயே இருக்கலாம். மெஷின் சரியாகியும் குரல்கள் வந்தால் கோளாறு தலையில். முதியோர் இல்லத்துக்குப் போய்விட வேண்டும். நிபந்தனை போட்டது அண்ணன். அப்பா அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டார். வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள், அழுதிருப்பார்கள். அவருக்கு எழுத்துப்பிழை இல்லாத வாக்கியம் என்றால் போதும், தூக்குத்தண்டனையாக இருந்தாலும் தலையாட்டுவார்.

மெஷின் மழைக்காலத்துக்கு முன்னால் வாங்கியது. காதுக்குப் பின்னால் சுண்டு விரல் நகம் போல ஒட்டிக்கொள்ளும் ஜோடி, ராத்திரி வைத்துச் சார்ஜ் ஏற்ற ஒரு டப்பா, டிவியோடு இணைக்க ஒரு கருப்புப் பெட்டி. கருப்புப் பெட்டியைச் செருகினால் டிவியின் சத்தம் நேராக அப்பாவின் காதுக்குப் போகும், அறையில் இருப்பவர்களுக்கு டிவி ஊமை. ஃபோனோடும் இணைத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியின் மேல் ஒரு கிழவரும் கிழவியும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் திரும்பச் செய்யாமல் விட்டதில்லை. அண்ணன் ஆணி அடித்தால் அத்தான் அதைப் பிடுங்கி இரண்டு விரல் தள்ளி அடிப்பார். அக்கா வந்து, வெளிச்சம் படவில்லை என்று எதிர்ச் சுவரில் அடிக்கச் சொல்லுவாள். அப்பா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைச் சுற்றி அம்மை போட்ட முகம் மாதிரி ஓட்டைகள். இதற்கு எங்கள் வீட்டில் அக்கறை என்று பெயர். புது மெஷினும் இந்த அக்கறையில் தப்பவில்லை. யார் யார் எதை எதோடு இணைத்தார்கள், யார் அதைக் கலைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தான் கடைசியாகச் செய்ததுதான் சரி என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

குரல்கள் அதற்குப் பிறகு வந்தவை.

அப்பா படுக்கையறையில் தனியாக இருப்பார். திடீரென்று கூப்பிட்டு, ஒரு பெண் பேசினாள் என்பார். பேசியதை அப்படியே ஒப்பிப்பார். மேற்கோள் குறி, கிழவருக்கு வடித்துக் கொட்டியே என் ஆயுசு போகிறது, மேற்கோள் முடிந்தது. யார் சொன்னது என்று கேட்டால், பெயர் சொல்லவில்லை, குரல் மூக்கால் வந்தது என்பார். ஒரு நாள் கூட்டமாகக் கைதட்டல். ஒரு நாள் குழந்தை ஒன்று விலங்குகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னது. வழக்கமாகப் பைத்தியம் பிடிக்கிறவர்களுக்குக் கடவுளோ பேயோ பேசும். அப்பாவிடம் கண்டவர்களெல்லாம் பேசினார்கள்.

அண்ணன் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான். அவன் ஒரு விஷயத்தை முடிவு செய்த பிறகுதான் நிபுணரைப் பார்ப்பான். அந்தக் குரல்கள் உங்களை ஏதாவது செய்யச் சொல்லி வற்புறுத்துகின்றனவா என்று மருத்துவர் கேட்டாராம். ஆமாம், பாதி விலையில் மெத்தை வாங்கச் சொல்கின்றன, இன்றே கடைசி நாள் என்கின்றன என்றாராம் அப்பா. மருத்துவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு அண்ணன் மெஷினை மட்டும் டப்பாவில் போட்டு வாங்கிய கடையில் கொடுத்தான். கடைக்காரர்கள் சோதித்துப் பார்த்து, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். மெஷினில் இல்லை என்றால் வேறு எங்கே? அவனுக்கு வழக்கு அங்கேயே முடிந்தது.

அதே சமயத்தில் அக்காவின் ஃபோன் கெட்டுப்போயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் உட்கார்ந்து ஏதாவது வீடியோ போட்டால் படம் ஓடும், சத்தம் வராது. குரல் செய்தியைத் தட்டினால் கோடு நகரும், பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் நன்றாக வரும். அத்தான் அதைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஸ்பீக்கரை மாற்றினார். திரும்பவும் அதே கதை. பழுது பார்ப்பவர் திருடன் என்று முடிவானது. நாங்கள் ஒரே குடும்பம், மேலும் கீழுமாக இருக்கிறோம், தினமும் பார்த்துக்கொள்கிறோம். கீழே ஒருத்திக்குச் சத்தம் வரவில்லை, மேலே ஒருவருக்கு வராத சத்தம் வருகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அன்று மதியம் அத்தான் முதல் வேலையாகக் கருப்புப் பெட்டியின் வயர்களை மொத்தமாகப் பிடுங்கினார். மெனுவுக்குள் போய் அண்ணன் வைத்திருந்த எல்லாவற்றையும் அழித்தார். அண்ணன், கையேட்டைத் தலைகீழாகக் கூடப் பார்க்காதவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கையேட்டை உரக்க வாசிக்க ஆரம்பித்தான். பச்சை விளக்கு மினுங்கினால் பெட்டி மெஷினைத் தேடுகிறது. நிலையாக எரிந்தால் கண்டுபிடித்துவிட்டது. மினுங்குகிறதா, நிற்கிறதா என்பதில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அத்தான், ஏசியில் பார்க்காத விளக்கா என்றார். அண்ணன், ஏசி எந்த ஊரில் காதில் மாட்டுகிறார்கள் மாப்பிள்ளை என்று கேட்டான்.

மெஷினை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றானார்கள். அக்கா அப்பாவின் காதிலிருந்து இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்து மூடினாள். டப்பா மூடியிருந்த நேரமெல்லாம் அப்பாவுக்கு எதுவும் கேட்காது. அதனால் எல்லோரும் வாய் விட்டுப் பேசினோம். இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றான் அண்ணன். அப்பாவின் சட்டைகளுக்குப் பெயர் எழுதித் தைக்கச் சொல்கிறார்களாம் என்றாள் அக்கா. அப்பா எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடித் தொட்டியில் மீனைப் பார்ப்பது போல.

மெஷினைத் திரும்ப மாட்டியதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஃபோனை எடுத்தார்கள். அப்பா கேட்கக் கூடாதது எதுவானாலும் குடும்பக் குழுவில் எழுதுவது எங்கள் நாகரிகம். ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுவார்கள்.

டிவியில் செய்தி ஓடியது. பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. வாசிப்பவள் உதட்டை அசைத்தாள், அறையில் சத்தம் இல்லை. அப்பாவின் முகம் தெளிந்தது. கேட்குதா என்று அண்ணன் சைகையில் கேட்டான். அப்பா தலையாட்டினார். அத்தான் டிவிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை மட்டும் வெளியே நீட்டிக் காட்டினார். அக்கா குழுவில் ஏதோ தட்டினாள்.

“டங்” என்றார் அப்பா.

எல்லோரும் நிமிர்ந்தோம்.

“டங்னு ஒரு சத்தம். அந்தப் பொண்ணு வாயை மூடிக்கிட்டா. இப்போ திரும்பத் திறந்துட்டா.”

அண்ணனும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் குழுவில் எழுதியது என் ஃபோனிலும் வந்தது: ஆரம்பிச்சுடுச்சு.

“டங்” என்றார் அப்பா.

அக்கா அழுகிற முகம் ஒன்றைப் போட்டாள். டங். அண்ணி தன் வீட்டிலிருந்து, நான் அப்பவே சொன்னேன் என்றாள். டங். அத்தான் பின்னாலிருந்து, பெட்டி பக்கா, ஆள்தான் என்று தட்டினார். டங். அப்பா ஒவ்வொன்றுக்கும் விரலால் முழங்காலில் தாளம் போட்டார். செய்தி துண்டு துண்டாக வருகிறது, எங்கோ பாலம் இடிந்திருக்கிறது, எங்கே என்று சொல்வதற்குள் டங் அடிக்கிறார்கள் என்று புகார் சொன்னார். அறையில் ஒரு ஃபோனும் சத்தம் போடவில்லை. எல்லாம் மௌனத்தில் இருக்கின்றன என்று நினைத்தோம். படித்தவர்கள் நிறைந்த அறை. நானாவது பாதி படித்தவன்.

அந்த நேரத்தில் அண்ணனின் ஃபோனில் அழைப்பு வந்தது. திரையைப் பார்த்தான், ஆபீஸ் என்று முனகிவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்து மூடிக்கொண்டான். ஃபோனைக் காதில் வைத்தான். ஹலோ என்றான். எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் ஹலோ ஹலோ என்று குளத்து மீன் மாதிரித் திறந்து மூடியது.

இந்தப் பக்கம் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்தார். வேலையில் இருந்தபோது நீதிபதி தொண்டையைச் செருமியதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

“வணக்கம்மா” என்றார். “ஆமாம். சொல்லுங்க.”

அக்கா என் தோளைப் பிடித்தாள். அத்தான் டிவிக்குப் பின்னாலிருந்து நெற்றியெல்லாம் தூசியோடு எழுந்தார். அப்பா யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

“சாயங்காலம் வண்டி அனுப்புறாங்களாம்” என்று எங்களிடம் சொன்னார். “டிரைவரோட இன்னொரு ஆளும் வருவாராம். பெரியவர் முரண்டு பிடிக்கிற ஆளான்னு கேக்கறாங்க.” பிறகு காற்றிடம், “பிடிப்பார்ம்மா. நல்லாவே பிடிப்பார்” என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்பா, இங்க யாரும் இல்லப்பா. என்னைப் பாருங்க.”

அப்பா அவளைப் பேசாதே என்று கையமர்த்தினார். சாட்சி பேசும்போது குறுக்கே பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் கேட்டார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டு மெல்ல வடிந்தது.

“செக்கப்புக்குப் போறோம்னு சொல்லித்தான் அவரைக் கிளப்பணுமாம். அதுதானே நாம பேசி வச்சதுன்னு கேக்கறாங்க.” எங்களில் ஒருவரையும் பார்க்காமல் சொன்னார். “கையெழுத்தெல்லாம் போன வாரமே ஆயிடுச்சாம்.”

அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லைம்மா” என்றார் அப்பா. “இன்னும் யாரும் சொல்லல. நீங்கதான் முதல்ல சொல்றீங்க. நான் அந்தப் பெரியவரேதான் பேசறேன்.” காத்திருந்தார். “வச்சுட்டாங்க” என்றார்.

அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். டவரே கிடைக்கவில்லை, ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை கூட உயிரை வாங்குகிறார்கள் என்று சலித்துக்கொண்டான்.

“உங்க ஆபீஸ்ல கட்டிலுக்கு ரப்பர் விரிப்பு நாமளே கொண்டு வரணுமாம்” என்றார் அப்பா.

அண்ணனை இருபது வருஷமாகத் தலைவராகவே பார்த்திருக்கிறேன். முதல் முறையாக நாற்காலி தேடினான். அவன் உட்காருவதற்குள் அக்கா அவன் மேல் பாய்ந்தாள்.

“இன்னைக்கா வண்டி வருது? என்கிட்ட திங்கக்கிழமைன்னுதானே சொன்னே?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆக, விசாரணைக்கு முன்பே தீர்ப்பு தயார். மதியம் முழுக்க மெஷினைச் சரி செய்ததெல்லாம் சும்மா. அத்தானுக்கு மட்டும் நிஜமாகவே டிவியைச் சரி செய்கிறோம் என்ற எண்ணம் இருந்தது. அது அவருடைய நல்ல குணம் இல்லை, கையெழுத்து ஆனது தெரியாததால்.

இப்போது அத்தானின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. தகப்பனை ஏமாற்றிக் கொண்டுபோய் விடப் பார்த்தார்கள் என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மச்சானின் ஃபோன் மாமாவின் மெஷினோடு இணைந்திருக்கிறது, தப்பு மச்சானுடையது என்பதுதான் பெரிது. வண்டி, கையெழுத்து எல்லாம் ஒரு பக்கம் கிடக்க, அதை அவர் விளக்க ஆரம்பித்தார். மச்சானுக்கு வந்த கால் ஃபோனில் கேட்காமல் மாமாவின் காதுக்குப் போயிருக்கிறது. மாமா பேசியதும் மெஷினில் இருக்கும் மைக் வழியாகத் திரும்பப் போயிருக்கிறது.

“அப்போ உங்க ஃபோன்ல என்ன இருக்கு மாப்பிள்ளை?” என்றான் அண்ணன். “காட்டுங்க.”

அத்தான் காட்டினார். இணைந்த சாதனங்களின் பட்டியலில் அப்பாவின் வலது காதும் இடது காதும் இருந்தன. அக்கா தன்னுடையதைத் திறந்தாள். அதிலும் இருந்தன. என்னுடையதிலும் இருந்தன; மாடிப்படியில் யாராவது இரைந்தால் மெஷின் சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும் என்று அப்பாவே ஒரு நாள் கேட்டு, நான்தான் இணைத்துக் கொடுத்தேன். அப்பாவின் சொந்த ஃபோனில் மட்டும் இல்லை. யாரோ தேவையில்லை என்று நீக்கியிருந்தார்கள்.

பிறகு நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அண்ணன் தான் முதலில் இணைத்ததாகவும் பின்னால் வந்தவர்கள்தான் குழப்பியதாகவும் சொன்னான். அத்தான், முதலில் இணைத்தவர் ஒழுங்காக இணைத்திருந்தால் அடுத்தவர் ஏன் கை வைக்கப் போகிறார் என்று கேட்டார். அக்கா தான் பெண் என்பதால் பழி தன் மேல் வரும் என்றாள், அப்படி யாரும் சொல்லாமல் இருந்தபோதே. அப்பாவின் மூளையைப் பற்றி இத்தனை நாள் பேசிய ஒருவரும் அதில் ஒரு வார்த்தையைக் கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

திடீரென்று அக்கா நிறுத்தினாள். தன் ஃபோனில் சத்தம் வராமல் போனது இதனாலா என்றாள். அண்ணி அனுப்பிய குரல் செய்திகள் ஒன்றும் தனக்குக் கேட்டதில்லை, கேட்காமலே கட்டைவிரல் போட்டு வைத்ததாகச் சொன்னாள். அப்பாவின் பக்கம் திரும்பி, அண்ணி என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

“முழுசா வேணுமா, சுருக்கமா வேணுமா?” என்றார் அப்பா.

அண்ணன் வேண்டாம் என்றான். அக்கா முழுசாக என்றாள். அப்பா முழுசாகச் சொன்னார், காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட. அவருக்கு வடித்துக் கொட்டுவது பற்றிய பகுதி சின்னது. மீதியெல்லாம் அக்காவின் புருஷன் பேச்சை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று தெரியாத ஆள் என்பதையும், அந்த ஆளிடம் வாங்கிய ஏசி தண்ணீர் சொட்டுவதையும் பற்றி. இந்தச் செய்திகளை அண்ணி அக்காவுக்கே ஏன் அனுப்பினாள் என்றால், அனுப்ப நினைத்தது தன் தங்கைக்கு. தவறாக அனுப்பிய பிறகு அக்கா கட்டைவிரல் போட்டதைப் பார்த்து, அவளுக்கும் புருஷனைப் பற்றி அதே எண்ணம்தான் என்று மேலும் அனுப்பியிருக்கிறாள். அத்தான் நெற்றித் தூசியைத் துடைத்துக்கொண்டார். சொட்டுவது வடிகால் குழாயைச் சாய்த்துப் பொருத்தாததால்தான், அதைப் பொருத்தியது மச்சான் என்றார்.

அண்ணன் எழுந்தான். குரலை ஆபீஸ் குரலாக்கிக்கொண்டான். சரி, மெஷின் தப்பு என்றே வைத்துக்கொள்வோம் என்றான். இன்றைக்கு மெஷின், நாளைக்கு அடுப்பு, நாளன்றைக்குக் குளியலறையில் வழுக்கல். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வண்டி கிளம்பியிருக்கும். உணர்ச்சிவசப்படாமல் யோசிக்க வேண்டும் என்று அந்த அறையிலேயே உணர்ச்சிவசப்படாத ஒரே மனிதரிடம் சொன்னான்.

“நிபந்தனை நீ போட்டதுதானே பெரியவனே?” என்றார் அப்பா. “திருப்பிப் படிக்கவா?”

படித்தார். கோளாறு மெஷினில் என்றால், அப்பா தன் வீட்டிலேயே இருக்கலாம், முற்றுப்புள்ளி. அதில் அடுப்பு இல்லை. குளியலறை இல்லை. சேர்க்க விரும்பினால் சேர்த்திருக்கலாம், இப்போது முடியாது.

அண்ணன் ஒரு ஓட்டை தேடினான். அந்த வாக்கியத்தில் நுழைய இடமில்லை.

அப்பா எங்களை ஒவ்வொருவராகத் தன் முன்னால் வந்து உட்காரச் சொன்னார். ஃபோனைத் திறந்து, பட்டியலைக் காட்டி, அவர் கண் முன்னால் அழிக்க வேண்டும். ‘இந்தச் சாதனத்தை மறக்கவா’ என்று ஃபோன் கேட்டது. அதை உரக்க வாசிக்க வேண்டும், அவர் தலையாட்டிய பிறகு அழுத்த வேண்டும். வலது காதுக்கு ஒரு முறை, இடது காதுக்கு ஒரு முறை. அண்ணன் முதல் தடவை முணுமுணுத்தான். கேட்கவில்லை என்றார் அப்பா. அது பொய், நன்றாகவே கேட்டது. திரும்ப வாசிக்க வைத்தார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தாள். அத்தான் வாசித்துவிட்டு, இதெல்லாம் இப்படிச் செய்வதில்லை மாமா என்று சேர்த்தார். நான் வாசித்தபோது என்னை நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

அதன்பின் டிவிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இடிந்த பாலத்தைத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். ஒரு டங்கும் இல்லை. கருப்புப் பெட்டி வாங்கிய நாளிலிருந்து நன்றாகத்தான் இருந்தது. அதில் சரி செய்ய ஒன்றுமே இருந்ததில்லை. நாங்கள் நகர வேண்டியது மட்டும்தான் பாக்கி.

“இப்போ தெளிவா இருக்கு” என்றார். “கிளம்புங்க.”

அக்கா தான் இருந்து ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றார். அவளிடம் இருந்த மாற்றுச் சாவியைக் கேட்டார். அவள் கொடுக்கத் தயங்கினாள். திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள்.

“கீழ வந்து சொல்றேன்” என்றார் அப்பா.

சாவியைக் கொடுத்தாள். எல்லோரும் செருப்பைத் தேடினோம். நான் பின்னறைப் பக்கம் நடந்தேன், எனக்கு இன்னும் தூக்கம் பாக்கி இருந்தது. சின்னவனே, நீயும்தான் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

மாடிப்படி முகப்பில் அக்கா ஏற்கனவே அண்ணியோடு ஃபோனில் ஆரம்பித்துவிட்டாள். இப்போது அவளுக்குச் சத்தம் நன்றாக வந்தது, எங்களுக்கும் வந்தது. அண்ணன் மட்டும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நின்றான். ஃபோனில் அழித்தால் மட்டும் போதாது என்றான். மெஷினுக்குள்ளும் ஞாபகம் இருக்கும், அதையும் துடைத்தால்தான் முழுசாகப் போகும், கையேட்டில் போட்டிருக்கிறது, ஒரே நிமிஷம், கழற்றிக் கொடுங்கள், நான் செய்து தருகிறேன் என்றான். அன்று காலையிலிருந்து அவன் சொன்னதில் உண்மையானது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அத்தான் அவன் தோளுக்கு மேலே தலையை நீட்டி, அப்படித் துடைத்தால் டிவிப் பெட்டியும் சேர்ந்து போய்விடும், முதலில் பெட்டியைத் தனியாக, என்று ஆரம்பித்தார். அண்ணன் திரும்பி, உங்களுக்குப் பெட்டியைப் பற்றி என்ன தெரியும் மாப்பிள்ளை என்றான்.

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையை மெல்லத் தூக்கிக் காதிலிருந்து ஒன்றைக் கழற்றினார். பிறகு இன்னொன்றை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அண்ணன் கையை நீட்டினான்.

“காலை எடு” என்றார் அப்பா.

அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அத்தானும் பேசிக்கொண்டிருந்தார். அப்பா அண்ணனின் செருப்பையே பார்த்தபடி நின்றார், அது பின்னால் நகரும் வரை. நகர்ந்ததும் கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாள் விழுந்தது, கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது, அப்புறம் பூட்டுக்குள் சாவி திரும்பியது.